மூன்றாம் வரிசையில் இரண்டாவது இடம்

டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் இருக்கிற தமிழரிடம் றொபேட்டைப் பற்றி விசாரித்தால், "ஆர், பாண்ட் றொபேட்டோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். மன்னாரில் பிறந்து, எண்பத்தாறில் டென்மார்க்குக்கு வந்து, இருபது வருடத்துக்கு மேல் துணி ஆலையில் பின்னல் இயந்திரங்களோடு மல்லுக்கட்டி, ஆலை மூடிய பிறகு ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கி, இப்போது ஓய்வில் இருக்கிற மனிதர். வயது அறுபத்தாறு. மேளம் தட்டத் தெரியாது, ஒரு பாட்டை ஒழுங்காக முணுமுணுக்கவும் வராது. போதாததற்குப் பின்னல் இயந்திரங்களின் இரைச்சல் காதில் பாதியைத் தின்றுவிட்டது. இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறார். இவருக்குப் போய்ப் பாண்ட் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பழைய ஆட்கள் கேட்க மாட்டார்கள்.

டென்மார்க்கின் பல சின்ன ஊர்களில் பிள்ளைகளின் பாண்ட் அணி ஒன்று இருக்கும். சீருடை போட்டு, குழலும் டிரம்மும் வாசித்துக்கொண்டு தெருவில் அணிவகுத்துப் போவார்கள். அணிகளுக்கிடையே வருடா வருடம் போட்டியும் நடக்கும். றொபேட்டின் அணிக்கு லூங் என்று பெயர். மேற்கு யூலண்டின் வெட்டவெளிகளில் பூக்கும் சின்ன ஊதாப் பூ அது. 'றொபேட்டின் அணி' என்பது அவருடைய கணக்கில்தான். அணிக்காரரைக் கேட்டால், சாப்பாட்டுப் பெட்டி தூக்கி உதவுகிற நல்ல மனிதர், ஆனால் வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள்.

தொண்ணூற்றாறில் அவருடைய மூத்த மகள் கிளோறியா, அப்போது எட்டு வயது, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுத்தாள் கொண்டுவந்து, தான் டிரம் பழக வேண்டும் என்று நின்றாள். றொபேட் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பயிற்சி முடியும்வரை காருக்குள்ளேயே காத்திருப்பார். ஒருநாள் குளிர் தாங்காமல் மண்டபத்துக்குள் போனார். அன்று பிடித்ததுதான். அப்போதைய பயிற்றுநர் எஜ்வின், ஊர்த் தபால்காரர். அவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே மாட்டார், காலைத்தான் பார்ப்பார். வரிசைக்கு ஆறு பேர். ஆறு முழங்காலும் ஒரே உயரத்துக்கு எழும்ப வேண்டும், ஆறு பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். பின்னல் இயந்திரத்தில் ஊசிகள் ஒன்றாக ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகிய கண் றொபேட்டுக்கு. ஒரு ஊசி பிந்தினால் துணியில் ஓட்டை விழும். இந்த வேலை தனக்குத் தெரிந்த வேலை என்று அவருக்குப் பட்டது.

அந்தக் காலத்து நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக வரிசைகளுக்கு நடுவே குனிந்து நடப்பார்கள். பிழை ஒன்றுக்குக் கோடு ஒன்று. முடிவில் கோடு குறைந்த அணி வெல்லும். றொபேட்டும் ஒரு கொப்பி வாங்கினார், பென்சில் சீவினார், பார்வையாளர் பக்கமிருந்து தன் பாட்டுக்குக் கோடு போட்டார். பல தடவை அவருடைய கணக்கும் நடுவர்களின் கணக்கும் ஒத்துப்போயின. அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

கிளோறியாவின் இடம் மூன்றாம் வரிசையில், இடமிருந்து இரண்டாவது. ஒன்பது வருடம் அணியில் இருந்தாள், அதில் ஐந்து வருடம் அந்த இடம் அவளுடையது. இரண்டாயிரத்து ஐந்து மார்ச்சில், ஒரு சனிக்கிழமை பயிற்சிக்குப் போய்வந்தவள் தலையிடிக்கிறது என்று படுத்தாள். மூளைக்காய்ச்சல் என்று ஞாயிறு சொன்னார்கள். திங்கட்கிழமை மத்தியானம் பிள்ளை இல்லை. பதினேழு வயது.

வரிசையில் ஓர் இடம் காலியானால் மூடிவிடுவதுதான் முறை. பக்கத்தில் நிற்பவள் ஓர் அடி இடப்பக்கம் நகர்வாள், அடுத்தவர்களும் அப்படியே நகர, கடைசி இடத்துக்குப் புதிதாக ஒரு பிள்ளை வரும். கிளோறியாவை அடக்கம் செய்த கிழமையே மூன்றாம் வரிசையும் மூடப்பட்டது. மூன்று கிழமை கழித்து நடந்த போட்டியில் லூங் அணிக்கு இரண்டாம் இடம். றொபேட் தனியாகப் போனார். அந்த இடத்தைப் பார்த்தார். உயரமான கறுப்புத் தொப்பி நெற்றியை மறைக்க, சிவப்புச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையுமாக ஒரு பிள்ளை நின்றாள். அவ்வளவு தூரத்தில் அது யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம். ஏழு நிமிடம் அவர் அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு போட்டியையும் தவறவிட்டதில்லை. பிள்ளைகள் வளர்ந்து விலகுவார்கள், வேறு பிள்ளைகள் வருவார்கள், ஆனால் மூன்றாம் வரிசையில் இரண்டாவது இடம் தவறாமல் வரும். கல்லறைக்கும் போய்ப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, புல்லும் ஒரு பெயரும்தான். இங்கே அவருக்குப் பார்க்க ஓர் இடம் இருந்தது. இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. சனம் பாண்ட் பைத்தியம் என்றது, அவரும் ஓம் என்று விட்டுவிட்டார். மனைவி விமலராணி ஒருநாளும் கூட வந்ததில்லை. அவவுக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்று கேட்டவர்களுக்கெல்லாம் றொபேட் சொல்லிவைத்தார்.

பிறகு காலம் மாறத் தொடங்கியது. முதலில் தொப்பி போனது. அடுத்து சிவப்புச் சட்டை போய், உடம்போடு ஒட்டிய, சாயம் வழிந்த மாதிரியான உடுப்பு வந்தது. மண்டபத் தரையில் படம் அச்சடித்த பெரிய விரிப்பு விரித்தார்கள். சக்கரம் பூட்டிய ஏணி, கதவு, கட்டில் என்று ஒரு வீட்டுச் சாமானையே உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒலிபெருக்கி வந்தது, அதில் யாரோ பேசுகிற பதிவு வந்தது. நடுவர்கள் குனிந்து நடப்பதை விட்டு, மேலே மேசை போட்டு உட்கார்ந்து, 'மொத்தத்தில் மனதைத் தொட்டதா' என்று புள்ளி போடத் தொடங்கினார்கள். மனதைத் தொட்டதை எந்தப் பென்சிலால் கோடு போடுவது என்று றொபேட் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கடைசியாக வரிசை போனது. மூன்று வருடத்துக்கு முன் மாக்கிரட் என்கிற டேனிஷ்காரி லூங் அணியின் பயிற்றுநராக வந்தாள். சின்னவயதில் அதே அணியில் டிரம் அடித்தவள். இப்போது முப்பத்தாறு வயது. அவள் வந்ததும் தெரு ஊர்வலத்தை நிறுத்தி, வரிசைகளைக் கலைத்து, பிள்ளைகளை வட்டமாகவும் அலையாகவும் ஓடவிட்டாள். அந்த வருடப் போட்டியில் றொபேட் மூன்றாம் வரிசையைத் தேடினார். இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. பதினேழு வருடமாகப் பார்த்துவந்த இடத்தை யாரோ தரையோடு சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அதன் பிறகுதான் அவருடைய வாய் நீண்டது. பாண்ட் ரசிகர்களுக்கு முகநூலில் ஒரு பக்கம் இருக்கிறது. 'முன்னைய காலமா, இப்போதைய காலமா' என்ற சண்டை அங்கே கோடை, மாரி என்று பாராமல் நடக்கும். றொபேட் டேனிஷ் எழுதப் பழகியதே அந்தப் பக்கத்தில்தான். ஒழுக்கம் போய்விட்டது, இது பாண்ட் அல்ல நாடகம், வரிசை திரும்ப வரவேண்டும் என்று கிழமைக்கு ஒருதடவையாவது எழுதுவார். வயதான டேனிஷ்காரர் பெருவிரல் காட்டி ஆமோதிப்பார்கள். வரிசை ஏன் வேண்டும் என்ற உண்மைக் காரணத்தை மட்டும் அவர் எழுதவில்லை.

அவருக்கு நேரெதிர்க் கட்சி பாலேந்திரா. பிரெடெரிசியாவில் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர், றொபேட்டைவிட மூன்று வயது இளையவர். தொழிற்சாலை வேலைக்காலத்துச் சிநேகிதம். புதிதாக எது வந்தாலும் கைதட்டுகிற மனிதர்.

"அண்ணை, நீங்கள் காலைப் பாக்கிறியள். சனம் முகத்தைப் பாக்குது," என்பார் பாலேந்திரா.

"முகத்தைப் பாக்க ஆசையெண்டால் கலியாண வீட்டுக்குப் போம். பாண்டுக்கு ஏன் வாறீர்?" என்பார் றொபேட்.

இந்த வருடம் வட்டாரப் போட்டி பிரெடெரிசியாவில் நடந்தது. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. றொபேட் ரயிலில் போய் இறங்க, பாலேந்திரா நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனார். மண்டபத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். லூங் அணி உள்ளே வந்தது. தரை விரிப்பு, நீல உடுப்பு, ஓரத்தில் நாலு பெரிய ஒலிபெருக்கி. ஒலிபெருக்கியைக் கண்டதும் றொபேட் வழமையாகச் செய்கிற வேலையைச் செய்தார். இரண்டு காதுக்கும் கையைக் கொண்டுபோய்க் கருவிகளை நிறுத்தினார். இரைச்சல் இல்லாமல் கால் நன்றாகத் தெரியும் என்பது அவருடைய வாதம்.

கொப்பியில் கோடுகள் ஏறின. ஒரு பிள்ளை திரும்புவதற்குப் பிந்தியது, ஒரு கோடு. ஒருத்தியின் கை தாழ்ந்தது, ஒரு கோடு. மூன்றாவது நிமிடம் எல்லோரும் ஒரு பெரிய வட்டமாகச் சுழலத் தொடங்கினார்கள். வட்டத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி. அது மூடப்படவில்லை. வட்டத்தோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. யாரோ இடம் தவறிவிட்டாள், பயிற்றுநருக்கு மூடவும் தெரியவில்லை என்று றொபேட் கோட்டை அழுத்திப் போட்டார். அது பதினோராவது கோடு. பக்கத்தில் பாலேந்திரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு எதைக் கண்டாலும் கண் கலங்கும் என்று றொபேட் நினைத்தார்.

முடிந்து வெளியே வரும்போது பாலேந்திரா ஏதோ சொல்ல வாயெடுத்தார். றொபேட் விடவில்லை.

"உதைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். பதினொரு பிழை. எங்கடை காலத்தில இதுகள் மண்டப வாசலையும் தாண்டியிராதுகள்."

"அண்ணை, ஒருக்கா நான் சொல்லுறதைக் கேளுங்கோ..."

"கேட்டது காணும். எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

கருவிகளைத் திரும்பப் போடவும் மறந்து, விறுவிறு என்று நிலையத்துக்கு நடந்துவிட்டார். ரயிலில் ஜன்னலோரம் இருந்து ரசிகர் பக்கத்தைத் திறந்தார். லூங் அணியின் வட்டத்தில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது, அதை மூடக்கூட ஒருவரும் அக்கறைப்படவில்லை, நம் காலத்தில் அப்படி ஓர் ஓட்டையோடு போட்டிக்கு வர வெட்கப்பட்டிருப்பார்கள் என்று எழுதினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பதிவிட்டார்.

ஹேர்னிங்கில் ரயில் மாறும்போது பதில் வந்தது. எழுதிய பெண்ணின் பெயர் அவருக்குத் தெரியாது.

"அந்த இடம் என் மகள் பிரேயாவினுடையது. அவளுக்குப் பதின்மூன்று வயது. இரத்தப் புற்றுநோய்க்கு ஓகூஸ் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறாள். தொடக்கத்தில் ஒலிபெருக்கியில் தாளம் எண்ணியது அவளுடைய குரல். கட்டிலில் இருந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் எழுதியதையும் அவள்தான் முதலில் வாசித்தாள்."

றொபேட் ரயில் மேடையில் நின்றபடியே அதை மூன்று தடவை வாசித்தார். காது இரண்டும் இன்னும் அடைத்தபடி இருந்தன. கருவியைப் போட்டார், சனத்தின் பேச்சும் சக்கரப் பெட்டிகள் உருளும் சத்தமும் ஒன்றாக வந்து மோதின. எழுதியதை அழித்தார். அதற்குள் இரண்டு தடவை தவறி வேறெங்கோ அழுத்தினார். அவமானம் என்று ஒரு சொல் இருக்கிறதே, அது அவருக்குத் தெரியாத சொல் அல்ல; அகதி முகாமிலும் ஆலையிலும் கண்டதுதான். ஆனால் அதெல்லாம் பிறர் தந்தது. இது தானே தேடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. விமலராணி முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் இருந்தாள்.

"ஸ்ரான்லி கோல் எடுத்தவன்," என்றாள். ஸ்ரான்லி அவர்களுடைய மகன், கொப்பன்கேகனில் இருக்கிறான். "அப்பா எழுதினதை உடனே அழிக்கட்டாம்."

"அழிச்சிட்டன்."

"அழிச்சால் அந்தத் தாய் வாசிக்கேல்லை எண்டு ஆகுமோ?"

"எனக்குத் தெரியாது விமலா. காதுக் கருவியை நிப்பாட்டி வச்சிருந்தனான். சத்தியமாத் தெரியாது."

"பிரேயாவைத் தெரியாது. சரி. கிளோறியாவையும் தெரியாதோ?"

றொபேட் சப்பாத்தைக் கழற்றிக் கதவடியில் வைத்தார்.

"எஜ்வின் வந்தவர். அடக்கம் முடிஞ்சு மூண்டாம் நாள். உந்தக் கதிரையிலதான் இருந்தவர்," என்றாள் விமலராணி. குரல் உயரவில்லை. "இடத்தை விடுறதோ மூடுறதோ எண்டு கேட்டவர். விட்டால் நடுவர் கோடு போடுவினம், எண்டாலும் விடச் சொன்னால் விடுறம் எண்டவர். நான் குசினியில தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவருக்கு நினைவிருந்தது. ஒரு சொல்கூட மறக்கவில்லை. "மூடுங்கோ எண்டனான். அவளுக்குப் பிழை பிடிக்காது எண்டனான்."

"நான் தேத்தண்ணியோட வாறதுக்கு முதலே சொல்லி முடிச்சிட்டியள். என்னட்டை ஆரும் கேக்கேல்லை. அவரும் கேக்கேல்லை, நீங்களும் கேக்கேல்லை. ஒரு கிழமையில என்ரை பிள்ளையின்ரை இடத்தில வேறை பிள்ளை."

"அதுதான் நீர் இருவது வருசமா வாறேல்லையோ?"

"வேறை என்னத்துக்கு? சத்தம் ஒத்துக்கொள்ளாது எண்டு நீங்கள்தான் ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறியள். எனக்குச் சத்தம் நல்லா ஒத்துக்கொள்ளும்."

சொல்லிவிட்டு எழுந்து சோறு போடப் போனாள். றொபேட் எஜ்வின் இருந்த கதிரையில் இருந்தார். பதினேழு வருடமாக அந்த இடத்தில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். ஒருத்தியின் பெயரும் அவருக்குத் தெரியாது. தனக்குப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று, விமலராணிக்கு மிஞ்சியிருந்த பிள்ளையின் இடத்தைத் தான் எடுத்துக்கொண்டதை அன்றுதான் அவர் கண்டார். அழுகை வந்தது, அழுதார். விமலராணி கண்டும் காணாத மாதிரிக் கறியை வைத்தாள்.

மறுநாள் தேவாலயப் பூசையால் வந்ததும் பிரேயாவின் தாய்க்கு முகநூல் வழியே ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். சாக்குப்போக்குச் சொல்லவில்லை. காதுக் கருவியை அகங்காரத்தில் நிறுத்தினேன், அதனால் உங்கள் மகளின் குரல் எனக்குக் கேட்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதினார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது: "மொத்தம் எத்தனை பிழை கண்டீர்கள் என்று பிரேயா கேட்கிறாள்."

றொபேட் கொப்பியை எடுத்துப் பார்த்தார். "அணியில் பத்து. பதினோராவது என்னுடையது," என்று எழுதினார். சிரிக்கிற முகம் ஒன்று திரும்பி வந்தது. அதைத் தாய் அனுப்பினாளா மகள் அனுப்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் வாசல் மணி அடித்தது. மாக்கிரட் நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து றொபேட் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவள் கையைக் காட்டித் தடுத்தாள். உள்ளே வந்து, பையிலிருந்து நடுவர்கள் எழுதிய தாளை எடுத்து மேசையில் வைத்தாள். டேனிஷில்தான் கதைத்தாள்.

"குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் வட்டத்தில் உள்ள இடைவெளி பார்ப்பவர்களைக் குழப்புகிறது, இறுதிப் போட்டிக்கு முன் சரிசெய்யுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். சில பெற்றோருக்கும் அது பாரமாக இருக்கிறது. மூடிவிடலாம் என்கிறார்கள். நீங்கள் இந்த அணியை யாரையும்விட நீண்டகாலம் பார்த்தவர். அதனால்தான் வந்தேன்."

றொபேட் தாளைத் தொடவில்லை. மாக்கிரட் மேசையைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் சொன்னாள்.

"கிளோறியாவுக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். மூன்றாவது இடம். ஓர் அடி இடப்பக்கம் வா என்று எஜ்வின் சொன்னார், வந்தேன். எனக்குப் பதினாறு வயது. அவளுடைய இடத்தில் நிற்கப் பயமாக இருந்தது. பிறகு நாலு வருடம் ஒவ்வொரு போட்டியிலும் நீங்கள் என்னைப் பார்ப்பது தெரியும். நான் பிழை விட்டால் நீங்கள் இன்னொரு தடவை மகளை இழப்பீர்கள் என்று நினைத்து அடித்தேன். நான் பயிற்றுநராக வந்தால் ஒரு பிள்ளையையும் அப்படி நகரச் சொல்ல மாட்டேன் என்று இருந்தேன். வரிசையை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்."

மூன்று வருடமாகத் தான் எழுதித் தள்ளியதெல்லாம் இவளைப் பற்றித்தான் என்று நினைக்க றொபேட்டுக்கு முகம் சுட்டது. அந்த இடத்தில் நின்ற பிள்ளைகளில் ஒருத்தியின் பெயராவது இப்போது தெரிந்துவிட்டது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். அதே மேசை, அதே கேள்வி. வாய் வரைக்கும் ஒரு பதில் வந்தது. அதை விழுங்கிவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினார்.

"விமலா, ஒருக்கா வாரும். இதை நான் சொல்லக்கூடாது. நீர் சொல்லும்."

விமலராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நடுவர்களின் தாளை முழுதாக வாசித்தாள். பிறகு மாக்கிரட்டிடம் டேனிஷில் ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"பிரேயாவிடம் கேட்டீர்களா?"

மாக்கிரட் சிவந்துபோனாள். "இல்லை. கேட்கப் பயமாக இருந்தது."

"எங்களிடம் கேட்டு என்ன? அவளுடைய இடம். அவளிடம் கேளுங்கள்."

மாக்கிரட் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். கதவுக்கு அப்பால் அவள் கதைப்பதும், நீண்டநேரம் கேட்பதும், ஒருதடவை சிரிப்பதும் கேட்டது. திரும்பி வந்தபோது கண் நனைந்திருந்தது.

"மூட வேண்டாமாம். கட்டிலில் இருந்து அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். அது எங்கே போகிறதோ அங்கே தானும் போவதாக நினைத்து எண்ணுவாளாம். மூடினால் நான் எங்கே பார்ப்பது என்று கேட்கிறாள்."

றொபேட் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தக் கேள்வியை அவரும் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டு திரிந்தார், ஒருவருக்கும் சொல்லாமல். பார்ப்பதற்கு அங்கே ஒருத்தி நிற்கத்தான் வேண்டும் என்று நினைத்திருந்தார். இடம் இருந்தால் போதும் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

இறுதிப் போட்டி மே நடுவில், ஓகூஸில் நடந்தது. றொபேட் கொப்பியை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுக் காரை எடுத்தார். பக்கத்தில் விமலராணி, திருநாளுக்குக் கட்டுகிற சேலையோடு இருந்தாள். மண்டப வாசலில் காத்து நின்ற பாலேந்திரா அவளைக் கண்டதும் ஒரு கணம் திகைத்துப்போனார்.

"அக்கா வந்திருக்கிறா! சத்தம் ஒத்துக்கொள்ளாதெண்டு..."

"இப்ப ஒத்துக்கொள்ளுது," என்றாள் விமலராணி.

லூங் அணி உள்ளே வந்தது. ஒலிபெருக்கிகளைக் கண்டதும் றொபேட்டின் கை பழக்கத்தில் காதுக்குப் போனது. இந்தமுறை சத்தத்தைக் கூட்டிவைத்தார். மண்டபம் அடங்கியது. பிறகு, மெல்லிய, கொஞ்சம் மூச்சு வாங்குகிற ஒரு பிள்ளையின் குரல் டேனிஷில் எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. டிரம்கள் தொடங்கின. கால்களை அவர் அன்று பார்க்கவில்லை; யார் பிந்தினார்கள், யாருடைய கை தாழ்ந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திராது.

மூன்றாவது நிமிடம் வட்டம் சுழலத் தொடங்கியது. இடைவெளி நடுவர் மேசைப் பக்கமிருந்து புறப்பட்டு, கதவுப் பக்கம் போய், மெல்ல மெல்ல அவர்கள் இருந்த பக்கம் வந்தது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அந்த இடத்தை ஒரு அங்குலம் கூட்டாமல் குறைக்காமல் காவிக்கொண்டு வந்தார்கள். காலை எண்ணுகிற மனிதருக்குத் தெரியும், ஆள் நிற்கிற இடத்தைவிட ஆளில்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

"இதுதானோ?" என்று கேட்டாள் விமலராணி.

"ஓம்."

அது அவர்களுக்கு நேரே வந்தது. விமலராணியின் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள், டேனிஷில், கிளோறியா குசினி மேசையில் இரண்டு கரண்டியால் தட்டித் தட்டி எண்ணுவாளே, அப்படி. ஒருநாளும் மண்டபத்துக்கு வராத இந்த இருபது வருடமும் அந்தக் கணக்கை அவள் மறக்கவில்லை.

"கிளோறியாவும் நிக்கலாம் இதுக்குள்ள," என்றாள். "ரெண்டு பேருக்கும் இடம் காணும்."

"அண்டைக்கு நான் உம்மட்டைக் கேட்டிருக்க வேணும் விமலா."

"ஓம், கேட்டிருக்க வேணும்," என்றாள் அவள். இடைவெளி அவர்களைத் தாண்டி மற்றப் பக்கம் போனது. அவள் அதையே பார்த்தபடி கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்தாள். வட்டம் நிற்கும்வரை விடவில்லை.